ஈசலுக்குக் கிடைத்த அனுமதி

அந்தக் காலத்தில் மழை தானாகப் பெய்யாது, விதைக்க வேண்டும். விதைப்பது ஈசல்களின் வேலை. அப்போது அவற்றுக்கு வருடம் முழுவதும் இறக்கை உண்டு. கடற்கரையிலிருந்து உப்பைக் கவ்விக்கொண்டு போய் மேகத்தின் வயிற்றில் போட்டுவிட்டு வரும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்? மேகமும் குடிக்கும், பிறகு கொட்டும்.

ஆனால் நினைத்த நேரத்தில் உப்பைப் போட முடியாது. ஆமையாரின் அனுமதி வேண்டும். தரையும் தண்ணீரும் தெரிந்தவர் என்பதால் எல்லா உயிர்களும் கூடி அவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தன. பள்ளத்தில் யார் குடியிருக்கிறார்கள், வளைக்குள் யார் குட்டி போட்டிருக்கிறார்கள் என்று விசாரிப்பார். கடைசி எறும்பும் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறிய பிறகுதான் தலையை ஆட்டுவார். அவர் நடைதான் ஊருக்கே தெரிந்ததாயிற்றே! ஈசல்கள் பொருமிக்கொண்டே காத்திருக்கும்.

ஒரு வருடம் வெயில் கொன்றுபோட்டது. ஏரி வெடித்துக் கிடந்தது. புற்றுக்குள் ஈசல்களின் தாய் ஈரமில்லாமல் சுருங்கிக்கொண்டே வந்தாள். மூத்த ஈசல் பதறிப்போய் ஆமையாரிடம் வந்தது. அவர் விசாரித்துவிட்டு, ஏரியின் நடுவில் ஆள்காட்டிக் குருவி அடைகாக்கிறாள், குஞ்சுகள் பொரிந்து நடக்கும்வரை பொறு என்றார். காய்ந்த ஏரியில் யார் இருக்கப்போகிறார்கள் என்றே ஈசல் நினைத்திருந்தது.

"என் தாய் செத்துக்கொண்டிருக்கிறாள் ஐயா."

"தெரிகிறது. உனக்கு மழையை விதைக்கத் தெரியும். நிறுத்தத் தெரியுமா?"

ஈசல் திரும்பிப் பறந்தது. அன்று மாலையே கூட்டத்தைக் கிளப்பிவிட்டது. பயத்தில் அளவும் தெரியவில்லை. இருந்த உப்பையெல்லாம் மேகத்தில் கொட்டிவிட்டன.

முதல் தூறலில் ஈசல்களெல்லாம் ஆடின. பிறகு மழை நிற்கவேயில்லை. ஏரிக்குள் தண்ணீர் நாலாபுறமிருந்தும் நெருங்கியது. நரி வந்தால் ஆள்காட்டி இறக்கை ஒடிந்தவள்போல் இழுத்து நடப்பாள். நரியும் முட்டையை விட்டுவிட்டு அவள் பின்னால் போகும். பாவம், அவளுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். தண்ணீருக்கு முன்னாலும் அப்படியே இறக்கையை இழுத்து இழுத்து நடந்தாள். தண்ணீர் அவள் பின்னால் போகவில்லை. நேரே முட்டைகளிடம் போயிற்று.

அவள் அலறலைக் கேட்டு ஈசல்கள் நடுங்கிப்போயின. அடுத்து வெள்ளம் புற்றைத் தொட்டது. புற்று கரைந்தது, யாருக்காக மழை கேட்டனவோ அந்தத் தாயும் போனாள். போதும், போதும் என்று கெஞ்சிக்கொண்டு ஈசல்கள் மேகத்தை நோக்கிப் பறந்தன. மேகத்துக்குக் காதா இருக்கிறது? நனைந்த இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

ஒருவழியாக மழை ஓய்ந்தது. மிஞ்சிய ஈசல்கள் மேட்டுக்கு ஊர்ந்து வந்து, ஆமையாரிடம் இறக்கையைத் திரும்பக் கேட்டு அழுதன. ஆமையார் ஆள்காட்டியைப் பார்த்தார். அவள் சொன்னாள்:

"கொடுங்கள். ஆனால் மழை பெய்து முடிந்த பிறகு கொடுங்கள்."

அன்று முதல்தான் ஈசலுக்கு மழை ஓய்ந்த பிறகே இறக்கை. அதுவும் ஒரு பொழுதுக்கு மட்டும். மழை விதைக்கும் வேலையும் போயிற்று; மேகம் தானே கடலுக்குப் போய்க் குடித்துக்கொள்கிறது. ஆள்காட்டிக்கு அந்த அனுமதியிலும் நம்பிக்கையில்லை. ஏரி எவ்வளவு காய்ந்து கிடந்தாலும், சருகு அசைந்தால்கூட இன்றும் அலறுகிறாள்.