பச்சைக் கதவு வீட்டைப் பார்த்து வந்த தரகர்

செண்பகபுரியை ஆண்ட விக்கிரமகேசரிக்கு ஒரு பலவீனம். யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், அவர் கை தானாகப் பட்டுச் சால்வையைத் தேடும். அரண்மனையில் சால்வை நெய்கிறவர்களுக்கு மட்டும் ஓய்வே கிடையாது.

அப்படிச் சால்வை வாங்கியவர்களில் ஒருவர் வீட்டுத் தரகர் வைரவநாதர். எந்த ஊர், யார் பிள்ளை, ஒருவருக்கும் தெரியாது. வந்த அன்றே, "மகாராஜா, எத்தனையோ தேசத்து அரண்மனைகளுக்கு விலை சொன்னவன் நான். தங்கள் அரண்மனையைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை" என்றார். சால்வை விழுந்தது. சில நாளில் 'மனைத்திலகம்' என்ற பட்டமும் விழுந்தது. இனி நகரில் யார் வீடு விற்றாலும் மனைத்திலகத்தின் கை வழியாகத்தான் விற்கவேண்டும் என்று தண்டோராவும் போட்டாயிற்று.

அரண்மனை மடைப்பள்ளியில் சமைக்கும் செங்கமலத்துக்கு இருந்தது ஒரே ஒரு சின்ன வீடு. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மணலூரில் இருக்கும் மகள் வா வா என்கிறாள். வீட்டை விற்றுக் கிடைப்பதுதான் மிச்ச நாளுக்கு. விளக்கு மாடத்தில் அத்தனை வருஷமாகப் படிந்த கரியை, மனமில்லாமல் துடைத்து முடித்துவிட்டு, அரசவை விதூஷகர் ஆதிமூலத்திடம் வந்து நின்றாள்.

"தம்பி, வீட்டுப் பட்டயத்தை நாளைச் சாயங்காலம் தன் கையில் கொடுத்துவிடச் சொல்கிறார் அந்தத் தரகர். வாங்குவது யார் என்று கேட்டால், 'அதெல்லாம் பெரிய இடம்' என்கிறார். வீட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கொடுக்கலாமா?"

"கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தானே வாங்குவீர்கள், அக்கா?"

"கத்தரிக்காய்க்கு ராஜா பட்டம் கொடுக்கவில்லையே, தம்பி."

ஆதிமூலம் நேரே அரசரிடம் போனார்.

"அந்தத் தரகருக்கு எதை நம்பிப் பட்டம் கொடுத்தீர்கள், மகாராஜா?"

"மந்திரி நல்லவர் என்றார்."

மந்திரியைக் கேட்டார். "வணிகர் தலைவர் முத்தப்பர் சொன்னார். அவர் சொன்னால் சரியாக இருக்கும்."

முத்தப்பரைக் கேட்டார். "என்னய்யா கேள்வி இது? அரசரே சால்வை போர்த்தியிருக்கிறார். அதைவிட என்ன வேண்டும்?"

செக்கைச் சுற்றிய மாடு போல ஆதிமூலம் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். விஷயத்தைச் சொன்னதும் அரசருக்குக் கோபம் வந்தது.

"என் சால்வையையா சந்தேகப்படுகிறாய்? அவன் போலி என்று நாளை சபையில் நிரூபி. முடியாவிட்டால் உன் வீட்டையும் அவனிடமே விற்றுவிட்டு ஊரை விட்டுப் போ."

"நிரூபிக்க நான் யார், மகாராஜா? அவர் வாயாலேயே சொல்லட்டும்."

அன்று மாலை ஆதிமூலம் தரகரைத் தேடிப் பிடித்தார்.

"மனைத்திலகமே, எனக்குத் தெரிந்த அம்மாள் ஒருவரின் வீடு. பூங்குளத்துக்கு மேற்கே, பச்சைக் கதவு. முற்றத்தில் நாகலிங்க மரம், கூடத்தில் வெள்ளிச் சங்கிலி ஊஞ்சல். நேரில் பார்த்துவிட்டு, நாளை சபையில் விலை சொல்வீர்களா?"

"பார்க்காமல் நான் வாயே திறப்பதில்லை, ஐயா" என்ற வைரவநாதர், அங்கிருந்து நேராகப் பலகாரக் கடைக்குள் நுழைந்தார்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. தூண் மறைவில் செங்கமலம், பட்டயத்தை முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டு நின்றாள். அரசர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"வீட்டைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார் ஆதிமூலம்.

"காலை முழுக்க அங்கேதானே இருந்தேன். பூங்குளத்துக் காற்று, அடடா. பச்சைக் கதவு ஒன்றே தனி விலை பெறும்."

அரசரின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"கதவைத் திறந்தது யார்?"

"அந்த அம்மாளேதான். மகாலட்சுமி மாதிரி இருந்தார்கள். தன் கையால் மோர் கொடுத்தார்கள். நாகலிங்க மரத்தடியில் நின்று குடித்தேன்."

"பிறகு?"

"வெயில் ஏறிவிட்டதா, சற்றுப் படுங்கள் என்றார்கள். அந்த ஊஞ்சலில் கொஞ்சம் கண் அயர்ந்தேன்."

"எந்த ஊஞ்சல்?" அரசரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வெள்ளிச் சங்கிலி போட்டது, மகாராஜா."

"அதில் என்னையே அவள் உட்கார விடமாட்டாளே" என்றார் அரசர்.

 ஆதிமூலம் தரகரின் காதருகே குனிந்தார். "அந்த வீடு மகாராணியின் அந்தப்புரம், ஐயா. தெருவில் போகிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நீங்கள்தான் போகவே இல்லையே."

வைரவநாதர் தடாலென்று தரையில் விழுந்தார். "மகாராஜா, நான் அந்தப் பக்கமே போகவில்லை. எந்த வீட்டையும் நான் பார்த்ததில்லை. விற்றதும் இல்லை. பட்டயத்தை வாங்கி அடகு வைத்துவிட்டு ஊர் மாறிவிடுவேன். நான் போலி, சுத்தப் போலி."

"இதை எப்படி நம்புவது?" என்றார் ஆதிமூலம். "தகுந்தவர்கள் யாராவது உறுதி சொல்ல வேண்டாமா?"

தரகர் தவழ்ந்துபோய் மந்திரியின் காலைப் பிடித்தார். "ஐயா, சொல்லுங்கள். என்னைப் பற்றி உங்களுக்கு ஒன்றுமே தெரியாதல்லவா?"

"தெரியாது" என்றார் மந்திரி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"எனக்கும் தெரியாது" என்றார் முத்தப்பர், யாரும் கேட்காமலேயே.

"பாருங்கள் மகாராஜா, இப்போதுதான் முறையாக விசாரித்திருக்கிறோம்" என்றார் ஆதிமூலம்.

தரகர் சிறைக்குப் போனார். தண்டோரா ரத்தாயிற்று. செங்கமலம் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவள் வீட்டை, சுவரைத் தட்டி, கூரையைப் பார்த்து, கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து, பக்கத்துத் தெரு நெசவாளர் ஒருவரே பிறகு வாங்கிக்கொண்டார்.

அன்று சபை கலையும்போது அரசர் மகிழ்ச்சியோடு எழுந்தார். வைரவநாதரிடமிருந்து பறித்த சால்வை அவர் கையில் இருந்தது.

"ஆதிமூலம், இங்கே வா. இது உனக்கு."

ஆதிமூலம் ஓர் அடி பின்வாங்கினார்.

"வேண்டாம், மகாராஜா. இந்த ஊரில் இன்னும் நாலு பேர் என்னை நம்புகிறார்கள்."

அரசர் சால்வையைப் பார்த்தார். ஆதிமூலத்தைப் பார்த்தார். பிறகு அதைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.