ஓரம் விடாத கீரி

நாணல்குளத்துக் காட்டில் அந்த வருஷம் தை மாதப் பனி பொல்லாததாக இருந்தது. ஐந்து குட்டிகளைக் கொண்டுபோய்விட்டது. இரண்டு முயலுடையவை, ஒன்று மானுடையது, ஒன்று நரியுடையது. ஐந்தாவது, பூங்காவனம் என்ற கீரியின் தலைப்பிள்ளை.

மிருகங்கள் குளக்கரையில் கூடி அழுதன. அழுது முடித்ததும், வழக்கம்போல ஒரு கூட்டம் போட்டன.

"இப்படியே விட்டா அடுத்த தையிலும் இதே கதைதான்!" என்றாள் தையல்சிட்டு. இலையோடு இலை சேர்த்துக் கூடு தைக்கிற குருவி அவள். "ஊர் எல்லையில இருக்கிற தையற்கடையில துண்டுத் துணியைக் குப்பையில கொட்டுறாங்க. ஆளுக்கு மாசம் ஒரு சதுரம் செஞ்சு குடுங்க. வருஷக் கடைசியில எல்லாத்தையும் சேர்த்து ஒரே ஒட்டுப்போர்வையா நான் தைச்சுத் தரேன். யார் வீட்டுல குட்டி பிறக்குதோ, அந்த வீட்டுக்குப் போர்வை போகட்டும்!"

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. முள்ளம்பன்றி ஊசிக்கு முள் தருவதாகச் சொன்னது. நூலுக்குக் கற்றாழை நார் இருந்தது. பூங்காவனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதல் சதுரம் என்னோடது!" என்றாள். அப்போது அவள் மனதில் செத்துப்போன குட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை. அதை மட்டும் நான் சத்தியம் செய்து சொல்வேன்.

"அளவு ஒரு சாண்" என்றாள் சிட்டு. "நாலு பக்கமும் ஒரு விரற்கடை சும்மா விடணும். அந்த ஓரம் தையலுக்குள்ளே போயிடும், வெளியே தெரியாது. ஆனா அது இல்லேன்னா தையல் நிக்காது. மறந்துடாதீங்க!"

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்போதுதான் எருமை தில்லைநாயகம் தொண்டையைக் கனைத்தார். தில்லைநாயகத்துக்குத் தைக்கத் தெரியாது. வெட்டத் தெரியாது. துணிக்கு மேல்புறம் எது, அடிப்புறம் எது என்றும் தெரியாது. ஆகவே நடுவராக இருக்க அவரைவிடப் பொருத்தமானவர் காட்டில் யாரும் இல்லை.

"வெறுமனே செய்தால் சுவை இருக்காது" என்றார் அவர். "மாதம் ஒரு தலைப்புக் கொடுப்போம். போட்டி வைப்போம். ஜெயித்தவருக்குப் பூமாலை. அடுத்த பௌர்ணமி வரை குளக்கரைப் பாறையில் வெயில் காயும் உரிமை அவருக்கு மட்டும்!"

காடே கைதட்டியது. அன்றோடு 'போர்வை' என்ற சொல்லையே எல்லோரும் மறந்துபோனார்கள்.

முதல் மாதத் தலைப்பு, வானவில். பூங்காவனம் சொன்ன அளவில் துணியை வெட்டினாள். சுற்றிலும் ஒரு விரற்கடை விட்டு, நடுவில் ஏழு வண்ணத் துண்டுகளை வளைத்துத் தைத்தாள். நன்றாகத்தான் வந்தது. போட்டிக்கு முதல் நாள் மயில் தன் சதுரத்தை வெயிலில் காயப்போட்டிருந்ததைப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. பூங்காவனத்துக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. தன்னுடையதை எடுத்துப் பார்த்தாள். சுற்றிலும் வெறும் ஓரம் பல்லிளித்தது.

'கண்ணுக்கே தெரியாத ஓரத்துக்கு எவன் மாலை போடப் போறான்? ஒரு விரற்கடைதானே!' என்று நினைத்தாள். விளிம்பு வரைக்கும் வானவில்லை இழுத்துவிட்டாள்.

மறுநாள் தில்லைநாயகம் சதுரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பூங்காவனத்தின் சதுரத்தின் முன்னால் நின்று அசைபோட்டார்.

"ஆகா! எல்லை கடந்த கற்பனை!" என்றார்.

"எல்லையைக் கடந்ததுதாங்க குத்தம்!" என்று சிட்டு கத்தினாள். "ஓரம் எங்கே? இதை நான் எப்படிச் சேர்க்கிறது?"

"கலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது தையலைப் பற்றிப் பேசாதே" என்றார் தில்லைநாயகம். மாலை பூங்காவனத்தின் கழுத்தில் விழுந்தது.

அடுத்த மாதம் ஒருவரும் ஓரம் விடவில்லை. கேட்பானேன்!

ஒருத்தியைத் தவிர. கருப்பாயி என்று ஒரு பெருச்சாளி. வேலமரத்தடி வளையில் குடியிருந்தாள். அவளோடு யாரும் அதிகம் பேசுவதில்லை. போட்டி நாளில் யாரும் யாரையும் தின்னக்கூடாது என்பது சபை விதி. அந்த ஒரு நாளில்தான் அவள் வெளியே தலைகாட்டுவாள், ஏனென்றால் கீரிக்குப் பெருச்சாளி என்றால் நாக்கில் நீர் ஊறும். முதல் மாதமே, வானவில் தலைப்புக்குக் கருப்பாயி கொண்டுவந்தது ஒரு பழுப்புச் சதுரம். இரண்டு மடிப்புக் கனத்த துணி. சுற்றிலும் ஒழுங்காக ஒரு விரற்கடை.

"இதில் வானவில் எங்கே?" என்று கேட்டார் தில்லைநாயகம்.

"வானவில்லைப் போர்த்திக்க முடியாதுங்க. இதைப் போர்த்திக்கலாம்" என்றாள் கருப்பாயி.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. 'தலைப்புக்குப் பொருந்தவில்லை' என்று சதுரம் திரும்பி வந்தது. அவள் அதை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த மாதமும் ஒரு பழுப்புச் சதுரம் கொண்டுவந்தாள். அதற்கடுத்த மாதமும் அதே. தலைப்பு 'குளத்து நிலா' என்று வந்த மாதம் பூங்காவனமே எழுந்து கேட்டாள்.

"ஏன் கருப்பாயி, உன் சதுரத்துல நிலா எங்கே? அமாவாசையா?"

அன்றைக்குக் காடு சிரித்த சிரிப்பில் குளத்துத் தவளைகள்கூட வெளியே வந்து பார்த்தன. கருப்பாயி மட்டும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. துணியை மடித்தாள், போனாள்.

அந்த மாதம் பூங்காவனம் செய்த நிலாவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். வெள்ளைப் பட்டுத் துண்டு எங்கே கிடைத்ததோ தெரியாது. சதுரத்தின் நான்கு விளிம்பையும் தொட்டுக்கொண்டு ஒரு முழு நிலா. அடியில் கருநீலத் தண்ணீர், அதில் ஒரு கெண்டை. பார்த்தவர்கள் இன்னொரு தடவை வந்து பார்த்தார்கள். மாலையும் கிடைத்தது. அவள் பாறையில் படுத்து வெயில் காய்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம், "நிலாவைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். பார்க்கவில்லை என்று சொன்னவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பார்த்துவிட்டேன் என்று சொன்னவர்களையும் விடவில்லை.

'பசுமை' என்ற தலைப்பு வந்தபோது தில்லைநாயகம் முயலின் சதுரத்தை மென்று தின்றேவிட்டார். "ஆழமான படைப்பு. கொஞ்சம் உப்புக் குறைவு" என்று தீர்ப்புச் சொன்னார். முயல் ஆனந்தக் கண்ணீர் விட்டது.

இப்படியே மாதங்கள் ஓடின. கார்த்திகை முடியும்போது பூங்காவனத்துக்கு வயிறு பெருத்திருந்தது. தை பிறந்ததும் குட்டிகள் பிறக்கும். இரவில் காற்று சில்லென்று அடித்தால் அவளுக்குப் போன வருஷத்துக் குட்டியின் நினைவு வரும். உடனே, 'இந்தத் தடவை போர்வை இருக்கே' என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வாள்.

மார்கழிக் கடைசியில் சிட்டு எல்லாச் சதுரங்களையும் பரப்பினாள். அறுபதுக்கு மேல் இருந்தன. முதல் மாதத்துச் சதுரங்கள் சிலவற்றைத் தவிர ஒன்றிலும் ஓரம் இல்லை.

"சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றாள் சிட்டு. "ஒவ்வொண்ணுலயும் சுத்திலும் ஒரு விரற்கடை உள்ளே மடக்கித் தைச்சுடறேன். படம் கொஞ்சம் குறையும். போர்வை நிக்கும்."

"என்னது!" பூங்காவனம் துள்ளி எழுந்தாள். "என் நிலாவுல ஒரு இழை குறைஞ்சா நான் சும்மா இருக்க மாட்டேன்!"

"என் தோகையை மடக்குவியா?" என்றது மயில்.

"என் மாம்பழத்துல காம்பு போயிடுமே!" என்றது குரங்கு.

"அடப் பாவிகளா!" என்றாள் சிட்டு. "விளிம்போட விளிம்பு வெச்சுத் தைச்சா நூல் பிரிஞ்சு வந்துடும். பூங்காவனம், நீ பிள்ளைத்தாச்சி. உனக்குத்தான் முதல்ல வேணும். நீயாவது சொல்லேன்!"

பூங்காவனம் ஒரு கணம் தன் வயிற்றைப் பார்த்தாள். பிறகு நிலாவைப் பார்த்தாள். அன்று காலைதான் பக்கத்துக் காட்டிலிருந்து நாலு கொக்குகள் அந்த நிலாவைப் பார்க்கவென்றே பறந்து வந்திருந்தன.

"பரிசு வாங்கின துணி. அதெல்லாம் நிக்கும். நீ தை!" என்றாள்.

சிட்டு தைத்தாள். விளிம்போடு விளிம்பு, மனசே இல்லாமல். நடுவில் எந்தச் சதுரம் வருவது என்று சண்டை போட்டதிலேயே இரண்டு நாள் போயிற்று. கடைசியில் போர்வையை ஆலமரக் கிளையில் தொங்கவிட்டார்கள். தில்லைநாயகம் அதன் அடியில் நின்றுகொண்டு ஒரு பகல் முழுவதும் பேசினார். அவர் பேசி முடித்தபோது மயில் தூங்கிப்போயிருந்தது.

தை இரண்டாம் நாள் விடியற்காலையில் பூங்காவனத்துக்கு மூன்று குட்டிகள் பிறந்தன. பனி புகைபோல இறங்கிக்கொண்டிருந்தது. குட்டிகளின் உடம்பில் ஒரு மயிர் இல்லை. கிடுகிடுவென்று நடுங்கின. செய்தி கேட்டு எல்லோரும் போர்வையை ஊர்வலமாகத் தூக்கி வந்தார்கள். பூங்காவனம் குட்டிகளைச் சுற்றி அதைப் போர்த்தினாள்.

ஒரு குட்டி காலை உதைத்தது. 'டர்' என்று ஒரு சத்தம். முதலில் கழன்று விழுந்தது நிலாதான். இன்னொரு குட்டி புரண்டது. மாம்பழம் போயிற்று, வானவில் போயிற்று, மயில் தோகை போயிற்று. பூங்காவனம் இழுத்துப் பிடிக்கப் பிடிக்க, இன்னும் பிரிந்தது. கண்மூடித் திறப்பதற்குள் போர்வை இருந்த இடத்தில் கைக்குட்டைக் குவியல் ஒன்று கிடந்தது.

"ஐயோ! ஓடியாங்க!" என்று அலறினாள்.

ஓடித்தான் வந்தார்கள். மயில் வந்து தன் சதுரங்களைப் பொறுக்கிக்கொண்டது. "பரிசு வாங்கினது. பனியில நனையக்கூடாது பாரு!" என்றது. குரங்கு தன் மாம்பழத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போயிற்று. ஆளாளுக்குத் தங்கள் துணியைத் தேடி எடுத்து, மண்ணைத் தட்டி, பத்திரமாக மடித்துக்கொண்டு கிளம்பினார்கள். குட்டிகளை ஒருவரும் பார்க்கவில்லை.

பூங்காவனத்திடம் அவளுடைய பன்னிரண்டு சதுரங்கள் மிஞ்சின. நிலாவை எடுத்துச் சின்னக் குட்டியின் மேல் போட்டாள். தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. அந்தக் குட்டி கீச்சிடுவதை நிறுத்திவிட்டது. போன வருஷமும் இப்படித்தான் முதலில் சத்தம் நின்றது. 

"இந்தக் காட்டுல முழுசா ஒரே ஒரு போர்வைதான் இருக்கு" என்றாள் கிளையில் உட்கார்ந்திருந்த சிட்டு. "வேலமரத்தடிக்குப் போ. நீங்க திருப்பி அனுப்பின பழுப்புத் துணியெல்லாம் அங்கேதான் ஒண்ணா இருக்கு."

பூங்காவனம் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு ஓடினாள். வளைவாசலில் நின்று கூப்பிட்டாள்.

"கருப்பாயி அக்கா!"

கீரி பெருச்சாளியை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உள்ளேயிருந்து ஒரு மூக்கு மட்டும் எட்டிப் பார்த்தது.

"இன்னைக்குப் போட்டி இல்லையே. எதுக்கு வந்தே?"

"என் குட்டி விறைச்சுப்போச்சு. உன் போர்வையைக் குடு. உன் காலைப் பிடிக்கிறேன்!"

"குட்டிங்களை உள்ளே விடு. நீ வெளியிலேயே நில்லு."

"நான் உன்னைத் தின்ன மாட்டேன், அக்கா. சத்தியமா!"

"பசி வர்ற வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றாள் கருப்பாயி.

மூன்று குட்டிகளும் உள்ளே போயின. கருப்பாயியின் குட்டிகள் ஏழு. அவற்றின் நடுவில் பழுப்புப் போர்வைக்குள் இவை மூன்றும் நுழைந்தன. பூங்காவனம் வாசலில் காதை வைத்துக்கொண்டு பனியில் நின்றாள். நெடுநேரம் கழித்துச் சின்னதாக ஒரு கீச்சொலி கேட்டது. அவள் அங்கேயே மண்ணில் விழுந்து அழுதாள்.

"அழுதது போதும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "பத்துக் குட்டிக்கு என் போர்வை பத்தாது. உன்கிட்ட பன்னிரண்டு துணி இருக்குல்ல? ஓரத்தை மடக்கித் தை. சாயங்காலத்துக்குள்ள முடி."

"நிலாவையுமா?" பூங்காவனம் தன்னையறியாமல் கேட்டுவிட்டாள். கேட்டதும் வெட்கத்தில் குறுகிப்போனாள்.



பூங்காவனம் தன் புதருக்கு ஓடி, நிலாவைத்தான் முதலில் எடுத்தாள். சுற்றிலும் ஒரு விரற்கடை, அழுத்தி மடக்கினாள். நிலாவின் நான்கு பக்கமும் உள்ளே போயிற்று. கெண்டைக்கு வால் போயிற்று. வானவில்லில் இரண்டு வண்ணம் போயின. சிட்டு பறந்து வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.  பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டும் ஒன்றாகிவிட்டன. பூங்காவனம் அதை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். ஒரு நூல் அசையவில்லை.

நாலு நாள் கழித்துப் பனி கொஞ்சம் விலகியது. பூங்காவனம் தன் புதருக்கு முன்னால் போர்வைக்குள் குட்டிகளை வைத்து வெயில் காட்டிக்கொண்டிருந்தாள். தில்லைநாயகம் ஆடி அசைந்து வந்தார்.

"இந்த மாதத் தலைப்பு, தாய்ப்பாசம்" என்று அறிவித்தார். பிறகு போர்வையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "ஆகா! சதுர நிலா! வாலில்லாத மீன்! என்ன புதுமை! பூங்காவனம், இதை அனுப்பு. மாலை உனக்குத்தான்!"

"அனுப்ப முடியாதுங்க" என்றாள் பூங்காவனம். "குட்டிங்க தூங்குது. கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து நில்லுங்க, வெயில் மறைக்குது."

பிறரோடு சேர்வதற்குத் தன்னில் ஒரு விரற்கடையைக்கூட விட்டுக்கொடுக்காத அழகு மாலைக்கு ஆகும், பனிக்கு ஆகாது.