ஐஸில் நின்ற கால்

நீலாம்பரியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் மூன்று காலில் நின்றுகொண்டிருந்தாள்.

இடது முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. பந்தயம் அவளைத் தாண்டிப் போய் முடிந்திருந்தது. அவள் காதுகளை முன்னால் விறைத்து, மற்றக் குதிரைகள் போன திசையையே பார்த்தாள். இன்னும் ஓடி அவற்றைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

பச்சைத் திரையைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் ஓடி வந்தார்கள். கால் முறிந்த குதிரையை மறைவில்தான் கொல்வார்கள். அதற்குப் பிறகு திரைதான் தெரிந்தது.

அது ஒரு மலையூரின் கோடைப் பந்தயம். நான் அங்கே லாயங்களுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தேன்.

நீலாம்பரியைப் பழக்கியவர் எத்திராஜ். பந்தயக்காரர்கள் மொழியில் சொன்னால் டிரெய்னர். அவள் சாவுக்கு யார் பொறுப்பு என்ற ஒரே கேள்வியோடு அடுத்த ஒரு வருஷம் அவர் அலைந்தார்.

குதிரையின் முதலாளியிடம் கேட்டார்.

"ஓடலாம்னு என்கிட்ட சொன்னது யாருய்யா? நீதானே?"

பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளின் காலைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர் மரகதத்திடம் கேட்டார்.

"உள்காயம் இருந்தா கால் சுடும். என் கைக்குச் சூடு தெரியல எத்திராஜ். தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா?"

ஓட்டிய ஜாக்கியிடம் கேட்டார்.

"ஏத்தி விட்டீங்க, ஓட்டினேன்."

தரையைப் பராமரிப்பவரிடம் கேட்டார்.

"தரை மேல பழி போடாதீங்க சார். மத்ததெல்லாம் அதே தரையிலதானே ஓடிச்சு?"

ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

மறு வருஷம் கோப்பைப் பந்தயத்தன்று விடிகாலையில் அவர் அமீர்ஜான் பாயின் லாயத்துக்கு வந்தார். நான் வண்டியிலிருந்து புல் இறக்கிக்கொண்டிருந்தேன்.

அமீர்ஜான் பாயும் டிரெய்னர்தான். எத்திராஜைவிட வயதில் சின்னவர். அவர் பழக்கிய குதிரை எதுவும் மைதானத்தில் விழுந்ததில்லை. ஜெயித்ததும் குறைவுதான் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆனால் குதிரைக்கு ஒன்று என்றால் சிரித்தவர்களும் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

"பாய், ஒரு பதில் வேணும்."

"டீ குடிச்சிட்டுக் கேளுங்கண்ணே."

"வேண்டாம். நீலாம்பரி செத்ததுக்கு யார் பொறுப்பு? எல்லாரையும் கேட்டுட்டேன். எல்லார் சொல்றதும் சரியாவே இருக்கு. எல்லாம் சரின்னா அவ ஏன் செத்தா?"

பாய் டீயை ஊதினார்.

"இன்னிக்கு உங்க லாயத்திலருந்து யாரு ஓடறா?"

"செங்காந்தள். கோப்பைக்கு."

"கால் எப்படி இருக்கு?"

"நேத்து சாயங்காலம் லேசா வெதுவெதுப்பு. பந்தயக் குதிரைக்கு வர்றதுதானே. டாக்டர் வந்து பாக்கட்டும்." எத்திராஜ் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு இவ ஓடலைன்னா முதலாளி எல்லாக் குதிரையையும் வேற லாயத்துக்கு ஓட்டிட்டுப் போயிடுவார். சொல்லிட்டார். என் கதை முடிஞ்சது."

பாய் டம்ளரைக் கீழே வைத்தார்.

"வாங்க. புல்லுக்காரரே, நீங்களும் வாங்க."

மைதானத்தின் வேலியோரம் போனோம். பனிமூட்டம். எதிர்ப்பக்கத்து வேலியே தெரியவில்லை.

"குனிஞ்சு, உள்ளங்கையைத் தரையில வைங்கண்ணே."

எத்திராஜ் என்னைப் பார்த்தார். பிறகு முழங்காலிட்டுக் கையை வைத்தார். நானும் வைத்தேன்.

ஈரப் புல். வேறொன்றும் இல்லை.

"எதுக்கு பாய் இது?"

"பேசாம வைங்க."

காதுக்குக் கேட்பதற்கு முன்னால் கைக்கு வந்தது. முதலில் ஒரு சின்ன நடுக்கம். பிறகு மலைக்குள்ளே யாரோ இடிப்பதைப் போல. அது மணிக்கட்டில் ஏறி, முழங்கையில் ஏறி, என் பற்களுக்கு வந்தது.

மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு நான்கு குதிரைகள் வந்தன.

அவற்றைத் தினமும் பார்க்கிறவன் நான். தின்பதையும் தூங்குவதையும் பார்க்கிறவன். அன்றுதான் முதன்முதலாகப் பார்த்ததுபோல் இருந்தது. மூக்கிலிருந்து புகை. கழுத்துகள் நீண்டு, கண்கள் எதையும் பார்க்காமல். அவை ஓடுவதாகத் தோன்றவில்லை. அவற்றுக்குக் கீழே பூமி பின்னால் தள்ளப்படுவதாகத் தோன்றியது.

அவை கடந்த பிறகுதான், மேலே எறியப்பட்ட மண்கட்டிகள் புல்லில் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

யாரும் கையை எடுக்கவில்லை.

"அந்த வேகத்துல ஒரு கணம் வரும்" என்றார் பாய். "அவ்வளவு பாரமும் ஒரே கால்மேல நிக்கும்."

தன் இடது மணிக்கட்டை வலது கையால் சுற்றிப் பிடித்துக் காட்டினார்.

"இதைவிடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான் எலும்பு. சுத்திச் சதைகூடக் கிடையாது."

"அது எனக்குத் தெரியாதா பாய்? இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப உங்க லாயத்துக்குப் போவோம்."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

பாய் முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

செங்காந்தள் வெளியே கட்டப்பட்டிருந்தாள். செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளை. அவளுடைய இடது முன்னங்கால் ஒரு தொட்டிக்குள் இருந்தது. தொட்டி நிறைய உடைத்த ஐஸ். பந்தய நாள் காலைகளில் மீன் மார்க்கெட்டிலிருந்து மரத்தூள் போர்த்திய ஐஸ் பாளங்கள் வண்டியில் வரும். எல்லா லாயங்களுக்கும் வரும்.

"இது எதுக்குண்ணே?"

"என்ன பாய் கேள்வி இது? டாக்டர் வர்றவரைக்கும் வைக்கிறதுதான். எல்லாரும் வைக்கிறாங்க."

காலையில் பல் துலக்குவதைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

"ஏன் பாய், நீங்க ஐஸ் வைக்கறதில்லையா?"

"வைப்பேன். ஓடி முடிச்சு வந்தப்புறம்."

பாய் மூலையில் கிடந்த இன்னொரு தொட்டியை இழுத்து வந்தார். அதிலும் ஐஸ் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்.

"செருப்பைக் கழட்டுங்க. இடது காலை வைங்க."

"யாரு, நானா?"

"நீங்கதானே பதில் கேட்டீங்க?"

எத்திராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலை வைத்தார். "ஆத்தாடி!" என்று எடுத்தார். மறுபடி வைத்தார்.

பக்கத்து லாயத்துக் குதிரைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"என்ன டிரெய்னரே, இன்னிக்கு நீங்களா ஓடறீங்க? நம்பர் என்ன?"

"போடா, வேலையைப் பாரு."

"ஜாக்கி கிடைச்சாச்சா? உங்க தொப்பைக்கு யாரு உக்காருவா?"

நான் சிரித்துவிட்டேன். எத்திராஜும் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை.

"எவ்வளவு நேரம் பாய்?"

"அவ நிக்கிறாளே, நீங்களும் நில்லுங்க."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், ஐஸில் ஒரு காலோடு நின்றார்கள். செங்காந்தள் தலையைத் தாழ்த்தி அவருடைய தொட்டியை முகர்ந்தாள். பிறகு அவர் முழங்காலை முகர்ந்தாள். அவளுடைய மூச்சுச் சூட்டில் அவர் கால் மயிர் அசைந்தது. எத்திராஜ் அசையாமல் நின்றார்.

எதிர் மரத்தில் வெயில் இறங்கியது.

"இப்ப எப்படிண்ணே?"

"முதல்ல உயிர் போச்சு. இப்ப ஒண்ணும் தெரியல. சுகமாத்தான் இருக்கு."

"இறங்கி நடங்க. குழாயடி வரைக்கும்."

எத்திராஜ் நடந்தார். முற்றத்தில் ஜல்லியும் மண்ணும். குழாயடி போய்த் திரும்பி வந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"கால்ல எதாவது?"

"ஒண்ணுமில்ல பாய். ஓடச் சொன்னாக்கூட ஓடுவேன்."

அப்போதுதான் நான் தரையைப் பார்த்தேன். போகும்போது விழுந்த ஈரத் தடங்கள் தண்ணீர். திரும்பும்போது விழுந்தவை சிவப்பு.

நான் பார்த்த இடத்தை எத்திராஜும் பார்த்தார். திண்டில் உட்கார்ந்து காலைத் தூக்கினார். பழைய லாட ஆணி ஒன்று பாதத்தில் ஏறியிருந்தது. ரத்தம் குதிகால் வழியாகச் சொட்டியது.

"எவன்டா இங்க ஆணியைப் போட்டு வச்சது? எவன் பொறு…"

வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது.

பாய் ஆணியைப் பிடுங்கினார். அப்போதும் எத்திராஜ் முகம் சுளிக்கவில்லை. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது. பாய் ஆணியை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டுப் போய்விட்டார்.

வழிக்கடைசியில் டாக்டர் மரகதத்தின் ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது.

எத்திராஜின் குதிரைக்காரன் பழக்கப்படி ஓடிவந்தான். செங்காந்தளின் காலை எடுத்தான். சாக்குத் துணியால் துடைத்தான். தொட்டியை உள்ளே இழுத்து, அது தெரியாதபடி வாசல் படுதாவை விட்டான். எத்திராஜ் அவன் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு ஊர்க்காரர் பார்ப்பதுபோல.

டாக்டர் வந்தார். குனிந்து, கண்ணை மூடி, முழங்காலிலிருந்து குளம்புவரை விரல்களை ஓட்டினார். அந்த மலைக்குளிரில் எல்லாக் குதிரையின் காலும் சில்லென்றுதான் இருக்கும். இரண்டு கால்களையும் பார்த்தார். நிமிர்ந்தார்.

"சுத்தமா இருக்கு. ஓடட்டும்."

அடுத்த லாயத்துக்குத் திரும்பினார்.

"டாக்டரம்மா."

"என்ன எத்திராஜ்? அய்யோ, கால்ல என்ன ரத்தம்?"

"அதை விடுங்க. நீங்க தொட்டது ஐஸ்ல இருந்து இப்பத்தான் எடுத்த கால்."

டாக்டர் அவரையே பார்த்தார்.

"எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"விடிஞ்சதிலருந்து."

"இன்னிக்கு மட்டுமா?"

"எப்பவும்."

டாக்டர் குதிரைக்காரனைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"நீலாம்பரிக்கு?"

குதிரைக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். எத்திராஜ் குனியவில்லை.

"வச்சேன். நீங்க வர்ற சத்தம் கேட்டுத்தான் எடுத்தேன். நீங்க தொட்டுட்டு, சூடு இல்லைன்னு சொன்னீங்க. நானும் நம்பிட்டேன்."

"நீங்க நம்பினீங்களா?"

"நம்பினேன் டாக்டரம்மா. அதான்."

டாக்டர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். ஐஸின் குளிர் விடட்டும் என்று செங்காந்தளின் காலில் கையை வைத்துக் காத்திருந்தார். எடுக்கவில்லை.

வெயில் முற்றத்துக்கு வந்தது. மூட்டம் கலைந்து மலை தெரிந்தது. யாரோ மைதானத்தில் ஒலிபெருக்கியைச் சரிபார்த்தார்கள். நான் புல் வண்டிக்குத் திரும்பவில்லை.

டாக்டரின் கை எதையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

அப்போது செங்காந்தள் அந்தக் காலை மெல்ல முன்னால் நகர்த்தி வைத்தாள். குளம்பின் நுனி மட்டும் மண்ணைத் தொட்டது. பாரத்தை மற்ற மூன்றுக்கும் மாற்றிக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டாள்.

அவ்வளவுதான். காலையில் பூமியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போன இனம். அது தன் வலியைச் சொல்லும்போது இவ்வளவு சின்னதாகச் சொல்கிறது.

டாக்டர் கையை எடுக்காமலே எத்திராஜை நிமிர்ந்து பார்த்தார்.

"கொதிக்குது."

எத்திராஜ் நொண்டியபடி வந்து குனிந்து தன் கையையும் வைத்தார். அவர் காலில் உணர்ச்சி திரும்பிவிட்டிருந்தது போல. முகம் கோணியது.

"முதலாளிக்கு யாரு சொல்றது?" என்றார் டாக்டர்.

"நான் சொல்றேன்."

"என்னன்னு?"

"இவ ஓடமாட்டான்னு. போன வருஷம் அவளையும் ஓடவிட்டிருக்கக் கூடாதுன்னு."

"அப்ப உங்க லாயம்?"

எத்திராஜ் செங்காந்தளின் கழுத்தில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

டாக்டர் எழுந்து, தான் பார்த்து முடித்து வந்த லாயங்களின் நீண்ட வரிசையைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு வாசலிலும் படுதா தொங்கியது.

"முதல்லருந்து பாக்கணும்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல்.

உட்கார்ந்திருந்த வாளியையும் கையோடு தூக்கிக்கொண்டு நடந்தார்.

மாலையில் கோப்பைப் பந்தயத்துக்குப் பதிவாகியிருந்த பன்னிரண்டு குதிரைகளின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள்.

தொடங்கும் இடத்துக்கு வந்து நின்றவை ஐந்து.