மொத்தத்துக்கும் இலை போட்ட கதை

மொட்டப்பாறைக்காரங்க யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டாங்க. நினைக்கிறதே அவங்களுக்குக் கொஞ்சம் சிரமம்.

அந்த ஊர் சடையாண்டிக்கு ஒரே மகள், செண்பகக்கனி. ரெண்டு இடம் வந்து தட்டிப்போச்சு. அடுத்து வந்தது நல்ல இடம். ஆனால் மாப்பிள்ளைக்கு மாமன் கொம்பையா கறாரான ஆளு. "நிச்சயத்தன்னிக்கு எங்க ஆளுக ஒருத்தருக்குச் சாப்பாட்டுல குறை வந்தாலும் சம்பந்தம் கிடையாது" என்று சொல்லி, யாருக்கு என்ன சோறு என்று சிலேட்டில் கட்டம் போட்டுக் கொடுத்துட்டுப் போனார்.

ஆம்பளைங்க வரிசையில் கறிச்சோறு ஆறு, சாம்பார் சோறு நாலு, மொத்தம் பத்து. பொம்பளைங்க வரிசையில் மூணு, ஏழு, பத்து. அடியில் மொத்தம் ஒன்பது, பதினொண்ணு, மூலையில் இருபது.

சடையாண்டியும் அவர் மச்சினன்மார் மாசானமும் வெயிலானும் அந்தக் கட்டத்தை அப்படியே பந்தலுக்குள் சுண்ணாம்புக்கோடாகப் போட்டு, எந்தக் கட்டத்தில் என்ன எண்ணோ அத்தனை இலை போட்டாங்க. எண்பது இலை ஆச்சு.

வந்தவங்க நாலு கட்டத்தில் உட்கார்ந்தாங்க. மீதி அஞ்சு கட்டம் காலி.

"மச்சான், அறுபது பேரைக் காணோமே," என்றான் மாசானம்.

"மொத்தம் வீட்டுக்காரங்க இன்னும் வரலை போல. பெரிய குடும்பமா இருக்கும்."

"அவங்க வராமப் பரிமாறினா கோவிச்சுக்குவாங்களே."

சோறு ஆறிக்கிட்டே இருந்தது. பொறுத்துப் பார்த்த கொம்பையா, "மொத்தமே நாங்கதான்யா, சோத்தைப் போடுங்க" என்றார்.

மூணு பேரும் ஒதுங்கி நின்னு யோசிச்சாங்க.

"மொத்தமும் இவங்கதான்னா, அந்த இலையிலயும் இவங்கதானே சாப்பிடணும்," என்றான் வெயிலான்.

"ஆமா. ஒரு இலை காலியாக் கிடந்தாலும் புள்ள கல்யாணம் நின்னுரும்," என்றார் சடையாண்டி.

அப்புறம் என்ன. எல்லாரும் சொந்தக் கட்டத்தில் சாப்பிட்டாங்க. சாப்பிட்டு முடிச்சதும் அவங்களை எழுப்பி வரிசைக் கடைசியில் இருந்த மொத்தக் கட்டத்தில் உட்கார வெச்சாங்க. ஆம்பளைங்க வரிசையில் பத்துக்கு ஆறு பேர் கறி என்பதால் வெயிலான் ஒவ்வொரு இலையிலும் ஆறு கை கறிச்சோறு, நாலு கை சாம்பார் சோறு போட்டுப் பிசைஞ்சு விட்டான்.

"தம்பி, நான் கவிச்சி தொடமாட்டேன்," என்றார் ஒரு பெரியவர்.

"உங்க கட்டத்துல வைக்கலையே ஐயா. இது மொத்தம்."

பெரியவர் இலையில் தன்னோட நாலு கை சாம்பார் சோத்தைத் தேடிக்கிட்டிருந்தார்.

பிறகு அடிக்கட்டம். பிறகு மூலை. மூலையில் கொம்பையாவுக்கு மூச்சு வாங்கினது.

"ஏதும் குறை உண்டா சம்பந்தி?" என்று கேட்டார் சடையாண்டி.

"ஒரு குறையும் இல்லை. வர்ற முகூர்த்தத்துலயே முடிச்சுருவோம். இன்னொரு இலை மட்டும் போட்டுராதீங்க."

கல்யாணத்துக்குச் சடையாண்டி தானே கட்டம் போட்டார். மாப்பிள்ளை ஒண்ணு, பொண்ணு ஒண்ணு, மொத்தம் ரெண்டு. நாலு மணை போட்டு, நாலு மாலை கட்டி வெச்சார். முதல் மணையில் தாலி கட்டி முடிஞ்சதும், ரெண்டு பேரையும் எழுப்பி மொத்தத்து மணையில் உட்கார வெச்சு, மறுபடி மேளம் கொட்டச் சொன்னார்.

இப்போ செண்பகக்கனி கழுத்தில் ரெண்டு தாலி. யாராவது கேட்டால், "ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு மொத்தத்துக்கு" என்கிறாளாம்.