மைத்துனரைக் கிளப்பிய பலகை

வில்லவராய மகாராஜா ஆற்றங்கரையில் ஒரு விடுதி கட்டினார். கட்டியதோடு விட்டாரா? ஒரு நாள் வாடகை ஒரு பொற்காசு என்று தண்டோரா போட்டார். அப்போதுதான் பெரிய மனிதர்களாக வருவார்களாம்!

வந்தார் ஒரு பெரிய மனிதர். ராணியின் தம்பி தனகோடிராயர். பரிவாரத்தோடு வந்து எல்லா அறைகளையும் வளைத்துக்கொண்டார். வாடகை கேட்டால், "அக்காவிடம் வாங்கிக்கொள்" என்பார். நாட்டிலேயே விலை உயர்ந்த இடத்தில் இருக்கிறேனாக்கும் என்று ஊரெல்லாம் பீற்றல் வேறு.

குதிரைச் சந்தை நெருங்கியது. வெளிதேசத்து வியாபாரிகள் இடமில்லாமல் திரும்பிப் போனால் படைக்குக் குதிரை கிடைக்காது. அரசர் குழைக்காதனை அழைத்தார். வாய்ச் சாமர்த்தியத்தாலேயே அவையில் இடம் பிடித்தவன் அவன்.

"நாளைக்குள் விடுதி காலியாக வேண்டும். ஆனால் மைத்துனரைப் போகச் சொல்லக் கூடாது. ராணி சாப்பிடாமல் படுத்துவிடுவாள்."

"முடியாவிட்டால், மகாராஜா?"

"உன் பதவி காலி."

குழைக்காதன் நேராக விடுதிப் பக்கம் நடந்தான். வாடகையை ஏற்றிப் பார்க்கலாமா? கொடுக்காதவருக்கு எவ்வளவு ஏற்றினால் என்ன, பெருமைதான் கூடும். யோசித்தவன் சட்டென்று சிரித்தான். பலகை ஒன்றை எழுதி விடுதி வாசலில் மாட்டினான்.

"இங்கே தங்கக் காசு வேண்டாம்."

காலையில் மூட்டையோடு ஒரு பரதேசி படியேறினார். பட்டு உடுத்தி வெற்றிலை மென்றுகொண்டிருந்த தனகோடிராயரைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தார்.

"ஐயாவும் நம்மள மாதிரி தர்மத்துக்கு வந்தவங்களா? சோறு எப்பப் போடுவாங்க?"

தனகோடிராயர் எழுந்து வந்து பலகையைப் படித்தார். முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. "தர்மச் சத்திரத்திலா நான் இருப்பேன்? எடுங்கடா பல்லக்கை!"

மதியத்துக்குள் பரிவாரம் எல்லையைத் தாண்டிவிட்டது. பசித்த பரதேசியைக் குழைக்காதன் அரண்மனைப் பந்திக்கு அனுப்பிவைத்தான்.

சாயங்காலம் வியாபாரிகள் வந்தார்கள். "தங்குவதற்குக் காசே வேண்டாமா?" என்று சந்தேகமாகக் கேட்டார்கள்.

"தங்கக் காசுதான் வேண்டாம். வெள்ளிக் காசு போதும்" என்றான் குழைக்காதன்.

நியாயமான வாடகைதான் என்று அவர்கள் மகிழ்ச்சியாக அறைகளை நிரப்பினார்கள்.

அரசர் பலகையை இரண்டு தரம் படித்தார். வயிறு குலுங்கச் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

"அதெல்லாம் சரி, குழைக்காதா. இத்தனை நாளாக வாடகையே கொடுக்காதவர், வாடகை இல்லை என்றதும் ஏன் ஓடினார்?"

"மகாராஜா, அவருக்குச் சும்மா தங்கத் தெரியும். சும்மா தங்குகிறார் என்று ஊர் சொன்னால் தாங்கத் தெரியாது!"