சுவரைத் தின்ற வாத்துகள்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் ஒரு ராஜா இருந்தான். அவனுக்கு ஓர் ஆசை வந்தது. ராஜாவுக்கு ஆசை வந்தால் ஊருக்குக் காய்ச்சல் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். விகடக் கதை சிரிப்பதற்குத்தான். ஆனால் இந்தக் கதையைச் சொல்ல வாயெடுக்கும்போதே எனக்குக் கோபம் முந்திக்கொண்டு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜாவின் ஆசை, கண்ணாடி போல மின்னும் ஒரு மண்டபம். சுவரில் சுண்ணாம்பைப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் முட்டை வெள்ளைக்கரு கலந்த சாந்தை இழைத்து இழைத்துத் தேய்த்தால் சுவர் முகம் காட்டும். அந்தச் சுவரில் பார்த்து அவன் மீசையை முறுக்கிக்கொள்ள வேண்டுமாம். குடிமக்கள் முகத்தைப் பார்த்திருந்தால் அவனுக்குச் சுவரே தேவைப்பட்டிருக்காது.

வேலையைப் பிரதானி நல்லாண்டாரிடம் ஒப்படைத்தான். அவர் பெயரில் மட்டும்தான் நல்லவர். சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் வேண்டுமே! ஆற்றிலும் வாய்க்காலிலும் கிடந்த கிளிஞ்சல், நத்தை ஓடு எல்லாவற்றையும் வண்டி வண்டியாக அள்ளிக் காளவாயில் போட்டுச் சுட்டார். வேறு யாராவது ஒன்றை எடுத்தால் சவுக்கடி. வெள்ளைக்கருவுக்கு முட்டை வேண்டுமே! வீட்டுக்கு வீடு முட்டை வரி போட்டார். வயலில் மேயும் வாத்து அங்கங்கே முட்டையிட்டுத் தொலைத்துவிடும் என்று, வாத்தையும் கோழியையும் பட்டியிலேயே அடைத்துவைக்கச் சொல்லி உத்தரவும் போட்டார்.

இரண்டு மாதம் முட்டை வந்தது. பிறகு வந்ததெல்லாம் தோல்முட்டை. மேலே ஓடே இல்லை. கையில் எடுத்தால் கொழகொழ என்று நசுங்கியது. கூடையில் வைத்தால் ஒன்றோடொன்று உடைந்து, அரண்மனைக்கு வரும்போது கூடையில் ஈக்கள் மட்டும்தான் முழுசாக இருந்தன. மண்டப வேலை நின்றது. ராஜா குதித்தான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நல்லாண்டார் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு தலையைத் தேடினார். ஆற்றங்கரையில் வாத்து வளர்க்கும் சடைச்சி அகப்பட்டாள். புருஷன் இல்லாதவள், பேச ஆள் இல்லாதவள். பிரதானிக்கு வேறென்ன வேண்டும்? சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அரசே, இவள் ராஜத்துரோகி. முட்டைகளைப் புளித்த கஞ்சிக் காடியில் ஊறவைத்து ஓட்டைக் கரைத்து அனுப்புகிறாள். ஊராரும் இவளிடமே இந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள்."

"இல்ல சாமி! குடிக்கிறதுக்கே காடி இல்ல, முட்டைக்கு எங்க போவேன்? பட்டியில அடைச்ச நாள்லேருந்து வாத்து நொண்டுது சாமி. தெறந்துவிட்டா சரியாயிரும்."

ராஜா அவள் பேச்சைக் கேட்கவே இல்லை. "முட்டையைக் கெடுத்த இரண்டு கைகளையும் வெட்டுங்கள்" என்றான்.

இவ்வளவு சுலபமாகச் சொன்னான் பாருங்கள்! வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அப்போது விகடக்காரன் வேம்பன் எழுந்தான். அவன் பேச்சுக் கசக்கும்; ஆனால் ராஜா அவன் பேச்சைக் கேட்பான். அதனாலேயே நல்லாண்டாருக்கு அவனைக் கண்டால் வயிறு எரியும். வேம்பன் வீட்டுக் கொல்லையிலும் கோழிகள் உண்டு. அவையும் தோல்முட்டைதான் இட்டுக்கொண்டிருந்தன.

"அரசே, குற்றம் இவள் கையில் இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?" என்றான்.

நல்லாண்டாருக்கு இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்குமா? "அப்படியானால் இதே வாத்துகளை வைத்து விகடனார் ஓடுள்ள முட்டை கொண்டுவரட்டும். வரும் அமாவாசைக்குள் முடியாவிட்டால் அவள் கைகளோடு இவர் நாக்கும் போகட்டும்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா. "ஆனால் என் களஞ்சியத்திலிருந்து ஒரு மணி தானியமும் தரமாட்டேன். காளவாய்க்குப் போகும் வண்டியிலிருந்து ஒரு கிளிஞ்சலும் தொடக்கூடாது. வேறு என்ன வேண்டும்?"

"பறவைகளை வைத்துக்கொள்ள ஓர் இடம், அரசே."

"எங்கே வேண்டுமோ அங்கே வைத்துக்கொள்" என்று சலிப்போடு முத்திரை மோதிரத்தைக் கழற்றிப் போட்டான் ராஜா.

அன்று மாலையே வேம்பன் சடைச்சியின் வாத்துகளையும், அவளுடைய கோழிகளையும், தன் வீட்டுக் கோழிகளையும் ஓட்டிக்கொண்டு போனான். எங்கே? வேலை நின்று பூட்டிக் கிடந்த அதே மண்டபத்துக்கு. காவலனிடம் மோதிரத்தைக் காட்டினான். ராஜா மோதிரம் சொன்னால் காவலன் கதவைத் திறக்காமல் என்ன செய்வான்?

கூடவே வந்த சடைச்சி வாசலிலேயே நின்றுவிட்டாள். "அண்ணே, இது ராசாவோட மண்டபம்! எச்சம் போட்டு நாறடிச்சிருமே!"

"நாறட்டும். நீ உள்ளே வா."

உள்ளே விட்டதும் கோழிகள் ஒரு கணம் தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்தன. அடுத்த கணம் டொக் டொக் டொக் என்று ஆரம்பித்துவிட்டன. தவித்த வாய்க்குத் தண்ணீர் கிடைத்த மாதிரி கொத்தின.

"ஐயோ, செவுத்தக் கொத்துதுங்க அண்ணே!"

"கொத்தட்டும்னுதான் கூட்டியாந்தேன். போன வருஷம் பூசிக் காஞ்ச அடிப்பூச்சு இது. அந்த மூலையில ஈரமா கெடக்குற பச்சைச் சுண்ணாம்புகிட்ட மட்டும் விட்டுறாத. குடலை வேகவச்சிரும்."

வாத்தின் அலகு தட்டை. அதற்குச் சுவரைக் கொத்த வராது. வேம்பன் ஒரு கல்லை எடுத்துச் சுவரைத் தட்டினான். பெயர்ந்த சில்லுகளை நொறுக்கி, தீனியோடு கலக்காமல் தனிக் கலயத்தில் போட்டு வைத்தான். முட்டையிடும் வாத்துகள் கலயத்தை மொய்த்தன. ஆண் வாத்துகள் வந்து முகர்ந்துவிட்டு அவற்றின் பாட்டுக்குப் போய்விட்டன. யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. இந்த அறிவு பிரதானிக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

தீனிக்குச் சடைச்சி வீட்டுத் தவிடும், வேம்பன் வீட்டுக் குருணையும். ஒவ்வொரு காலையிலும் சடைச்சி முட்டையைத் தொட்டுப் பார்ப்பாள். முதலில் தோல்தான். பிறகு காகிதம் போல ஓர் ஓடு. அப்புறம் ஒரு நாள் முட்டையை எடுத்து இன்னொரு முட்டையில் தட்டினாள். டக் என்றது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அமாவாசையன்று வேம்பன் கூடை நிறைய முட்டையைச் சபையில் வைத்தான். ராஜா ஒன்றை எடுத்துச் சிங்காசனக் கைப்பிடியில் தட்டினான். கல் போல இருந்தது.

நல்லாண்டார் துள்ளி எழுந்தார். "மோசடி! கிளிஞ்சல் வண்டியில் கைவைத்திருக்கிறான்!"

"வண்டியைத் தொடவில்லை, அரசே. களஞ்சியத்தையும் தொடவில்லை. சந்தேகம் இருந்தால் வந்து பாருங்கள்" என்றான் வேம்பன்.

ராஜாவும் சபையும் சடைச்சியும் வந்து நிற்க, மண்டபக் கதவு திறந்தது. முழங்கால் உயரத்துக்குச் சுவரில் பூச்சே இல்லை. செங்கல் பல்லைக் காட்டியது. தரையெல்லாம் எச்சம். சாந்து குழைக்கும் தொட்டியைக் கழுவி நிரப்பிய தண்ணீரில் வாத்துகள் குளித்துக்கொண்டிருந்தன.

ராஜாவின் கை வாளுக்குப் போனது. "என் மண்டபத்தை என்ன செய்தாய், பாவி?"

"உங்கள் மண்டபமா?" வேம்பனுக்கும் இப்போது குரல் உயர்ந்துவிட்டது. "முட்டை ஓடு எதனால் ஆனது, அரசே? சுண்ணாம்பினால்! வாத்து அதை வானத்திலிருந்து வாங்கி வருகிறதா? ஆற்றுக் கிளிஞ்சலையும் நத்தையையும் தின்றுதான் ஓடு செய்கிறது. கிளிஞ்சலை நீங்கள் அள்ளிக்கொண்டீர்கள். நத்தை தேடப் போகாமல் அடைத்துப்போட்டீர்கள். உடைத்த முட்டை ஓட்டையாவது இடித்துத் திரும்பப் போடலாம் என்றால், முட்டையே உங்களிடம் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அந்த வாயில்லாப் பிராணி தன் எலும்பைக் கரைத்து உங்களுக்கு ஓடு போட்டது. எலும்பும் தீர்ந்தபோது தோல்முட்டை இட்டது. அதற்கு ஒரு பெண்ணின் கையை வெட்டச் சொன்னீர்கள்! சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். இங்கே சுவருக்குள் போனது எல்லாம் அவற்றின் எலும்பு. அவை தங்கள் சொத்தைத் திரும்பத் தின்றன."

நல்லாண்டார் "அரசே, இவன் பேச்சை…" என்று முன்னால் வந்தவர், எச்சத்தில் கால்வைத்துச் சறுக்கி, சாந்துத் தொட்டிக்குள் வாத்துகளின் நடுவே விழுந்தார். ஒரு வாத்து அவர் மீசையைக் கவ்விப் பார்த்தது. ராஜாவால் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ராஜா சிரித்ததும் சபை முழுவதும் சிரித்தது.

"எதுக்கு சாமி சிரிக்கிறீங்க?"

சடைச்சி கேட்டாள். கத்தவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"முட்டை வெளிய வராம அடைச்சிக்கிட்டு என் மடியில செத்துப்போச்சு ஒரு வாத்து. இன்னொண்ணு நின்ன எடத்துலயே காலு ஒடிஞ்சு விழுந்துச்சு. என் கையை வெட்டுன்னு சொன்னீங்க. அன்னைக்கு நான் சொன்னதை யாரும் கேக்கல. இன்னைக்கு ஆளு சறுக்கி விழுந்ததும் சிரிப்பு வருதா?"

விகடக் கதைகள் ராஜா சிரிப்பதோடு முடியும். இந்த ராஜா சிரிப்பை நடுவில் நிறுத்த வேண்டியதாயிற்று. வாளிலிருந்து கையை எடுத்தான். வெகுநேரம் அந்தச் செங்கல்லையே பார்த்தான். அவனுடைய முகம் அதில் தெரியவில்லை.

"காளவாயை அணையுங்கள்" என்றான். "சுடாத கிளிஞ்சலை எல்லாம் ஊருக்குத் திருப்பிக் கொடுங்கள். வாத்துகளைத் திறந்துவிடுங்கள். முட்டை வரி இனி இல்லை." பிறகு வேம்பனைப் பார்த்தான். "உனக்கு என்ன வெகுமதி வேண்டும்? கேள்."

"பிரதானியின் இரண்டு கைகள்."

தொட்டிக்குள் இருந்த நல்லாண்டார் வெளுத்துப்போனார்.

"வெட்ட வேண்டாம், உடம்போடே இருக்கட்டும்" என்றான் வேம்பன். "கிளிஞ்சலை அப்படியே போட்டால் பறவை விழுங்காது. வீடு வீடாக உட்கார்ந்து நொறுக்கிக் கொடுக்க ஆள் வேண்டும்."

மறுநாள் காலையில் ஆற்றங்கரையில் உலக்கைச் சத்தம் கேட்டது. பட்டுச் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நாட்டின் பிரதானி நல்லாண்டார் உரலில் கிளிஞ்சல் இடித்துக்கொண்டிருந்தார். வேகவேகமாக இடித்து மாவாக்கிக் காட்டினார்.

சடைச்சி குனிந்து உரலைப் பார்த்தாள். பார்த்ததும் வந்தது பாருங்கள் அவளுக்குக் கோபம்!

"யோவ், என் வாத்து என்ன வெத்தலையா போடுது? இம்புட்டுப் பொடியாக்குற! சில்லுச் சில்லா நொறுக்கணும். அதைக் கொட்டிட்டு மறுபடி இடி."