நடுப்பாலத்தில் ஒரு முழம்

"இந்தப் பாலத்துக்கு என்னதாம்மா சாபம்?" என்று கேட்டார் மருதையன்.

கேட்டவருக்கு வயது அறுபத்து மூன்று. ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்கப்பட்ட ஞானாம்பாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆற்றங்கரை மடத்தில் தனியாக இருக்கும் துறவி. மகள் வயசுக்காரியிடம் போய் ஞானம் கேட்கிறாரே என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும், ஊருக்கு வேறு என்ன வேலை?

ஞானாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எத்தனை தடவை விழுந்திருக்கு?"

"மூணு தடவை. பழைய ஆளுங்களையெல்லாம் கேட்டு எழுதி வச்சிருக்கேன். எங்க தாத்தா காலத்துல கட்டினது நாப்பது வருஷம் நின்னுச்சு. அடுத்தது முப்பது. கடைசியா கட்டினது இருபத்தாறுதான். ரெண்டு வருஷத்துக்கு முந்தின வெள்ளத்துல போயிடுச்சு. இப்போ கட்டுறது நாலாவது."

"எங்கே முறிஞ்சது?"

"நடுவுல."

"அதுக்கு முந்தி?"

"நடுவுல."

"அதுக்கும் முந்தி?"

மருதையன் நோட்டைப் புரட்டினார். பார்க்காமலே தெரியும். இருந்தாலும் புரட்டினார்.

"நடுவுலதான்."

"சாபத்துக்கு இடம் நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்றார் ஞானாம்பாள்.

அது மரப்பாலம். தலைக்கு மேல் நீளத்துக்கும் ஓட்டுக்கூரை. நடக்கிறவர்கள் நனையாமல் இருக்கத்தான் கூரை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மரம் நனையாமல் இருக்கப் போட்டது அது.

இந்தக் கரையில் அத்திக்குழி, அந்தக் கரையில் நாவல்துறை. பாதிக் கூரை இவர்கள் வேய வேண்டும், மீதி அவர்கள். அது வழக்கம்.

நாட்டு ஓட்டை ஒரு வரிசை மல்லாத்தி வைத்து, அதன் விளிம்பின் மேல் அடுத்த வரிசையைக் கவிழ்ப்பார்கள். நடுவில் இரண்டு ஊர் ஓடும் சேரும் இடத்தில் யாராவது ஒருவர் மல்லாத்த வேண்டும், மற்றவர் அதன் மேல் கவிழ்க்க வேண்டும். அங்கேதான் வில்லங்கம். எங்க ஊர் ஓடு அவங்க ஊர் ஓட்டுக்குக் கீழே போறதா?

இரண்டு ஊரும் கவிழ்த்தே முடித்தன. நடுவில் விரல் நுழையும் சந்து. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். மழை அதில் இறங்கியது. மரத்துக்குக் கௌரவமெல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு உளுத்தது.

"ஓவர்சியருக்கு இது தெரியாதா?"

"தெரியும்மா."

"அப்புறம்?"

"இந்தப் பக்கம் வேலையைப் பாக்கிறது நான். அந்தப் பக்கம் சோணைமுத்து" என்றார் மருதையன்.

சோணைமுத்து அவருக்குச் சம்பந்தி. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரே மகள் செங்கமலம் அப்பாவைக் கேட்காமல் சோணைமுத்து மகனைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டாள். அவள் முதலில் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்றார் இவர். பெற்றவர் முதலில் வந்து கூப்பிடட்டும் என்றார்கள் அங்கே. பாலம் விழுந்தது ஒரு வகையில் இவருக்குச் சௌகரியம். போக வழியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் பாருங்கள்.

ஆனால் சோற்றில் கைவைக்கும்போதெல்லாம் மகள் சாப்பிட்டிருப்பாளா என்று தோன்றும். அதை ஞானாம்பாளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

"மழை எப்போ?"

"இன்னிக்கோ நாளைக்கோ."

ஞானாம்பாள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க."

பாலத்தில் இரண்டு பக்கக் கூரையும் முடிந்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு முழம் வானம் தெரிந்தது. யார் முதலில் மல்லாத்துவது என்று நான்கு நாளாக வேலை நின்றுபோயிருந்தது. சோணைமுத்து அவர் பக்கக் கூரை மேல் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞானாம்பாள் குவியலிலிருந்து ஓர் ஓட்டை எடுத்தார்.

"கவிழ்த்த ஓடு மழையை என்ன பண்ணும்?"

"பக்கத்துல தள்ளி விடும்."

"மல்லாத்தின ஓடு?"

"வாங்கிக்கும். வாங்கிக் கொண்டுபோய் வெளியே விடும்."

"அப்போ மரத்தைக் காப்பாத்துறது எது?"

மருதையன் ஓட்டை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். முழங்கால் வலித்தது.

தன் பக்கத்துக் கடைசி வரிசையை ஒட்டி, அடியிலிருந்து முகடு வரைக்கும் ஒரு வரிசையை மல்லாத்தினார். சோணைமுத்து இதன் மேல் கவிழ்ப்பார், கவிழ்த்துவிட்டு ஊரைக் கூட்டிச் சிரிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டே வைத்தார்.

சோணைமுத்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக நகர்ந்து வந்தார். அவரும் தன் பக்கத்தில் ஒரு வரிசையை மல்லாத்தினார்.

இரண்டு வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. நடுவில் மறுபடி அதே விரல் சந்து. இரண்டு விளிம்பையும் மூடி ஒரே ஒரு வரிசை கவிழ்த்தால் போதும்.

அந்த ஓட்டை எடுக்க இருவரும் கை நீட்டவில்லை.

"அம்மா, மூடுற ஓடு எந்த ஊர் ஓடு?" என்று மேலிருந்து கேட்டார் மருதையன்.

"என்னை ஏன் கேக்கறீங்க? எனக்கு ஊரே கிடையாது" என்று சொல்லிவிட்டு ஞானாம்பாள் மடத்தைப் பார்த்து நடந்தார்.

புது உத்தரத்தில் ஒரு துளி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று.

மருதையன் வாயைத் திறந்தார். ஆறு வருஷமாக அந்தப் பக்கம் பேசாத வாய்.

"சம்பந்தி, செங்கமலத்தை வரச் சொல்லுங்க. இந்த வரிசையை அவ போடட்டும், அவளுக்கு ரெண்டும் ஊருதான். வரலேன்னா நானே அக்கரைக்கு வந்து கூப்பிடறேன்."

சோணைமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாலு நாளா அவ எங்க பக்கத்துப் பாலத்தடியிலதான் நிக்கிறா, சம்பந்தி. நீங்க இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தாத்தானே?"